கங்கா நகரக் கோட்டையை வென்றவன் யார்?

பேராக் மாநிலத்துத் தமிழரிடையே ஒரு செய்தி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கி.பி. 1025இல் கடாரத்தின் மேல் படை செலுத்திய முதலாம் இராசேந்திர சோழன், டிண்டிங்ஸ் கரையில் இறங்கி, கங்கா நகரம் என்னும் ஆற்றங்கரைக் கோட்டையை அழித்தான் என்பதே அது. காம்பார், தாப்பா, பீடோர் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இது சொல்லப்படுகிறது. திருவிழா மலர்களில் அச்சாகிறது. லூமுட்டுக்கும் பங்கோருக்கும் உலாப் போகிறவர்கள் வழியெல்லாம் இதைப் பேசிக்கொண்டே போகிறார்கள். சான்று எங்கே என்று கேட்டால், மலாய்க்காரர்களின் பெருநூலாகிய செஜாரா மெலாயுவிலேயே இருக்கிறதே என்று விடை வருகிறது. அந்நூலில் இருப்பது இதுதானா என்று பார்த்துவிட்டுப் பிறகு பெருமைப்படுவதே முறை.

செஜாரா மெலாயுவின் இயற்பெயர் 'சுலாலத்துஸ் சலாத்தின்'. அரசர்களின் மரபுவழி என்பது பொருள். இப்பெயரை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இது போர்களின் வரலாறு அன்று. குலமுறை கிளத்தும் நூல். ஜொகூர் அரசவையில் 1612இல் இதைத் தொகுத்து எழுதும் பணி தொடங்கியதாக முன்னுரை கூறுகிறது. தொகுத்தவர் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் என்பது வழக்கு. ஜான் லெய்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழிந்து 1821இல் இலண்டனில் வெளிவந்தது. மலாய் மூலத்தைச் சிங்கப்பூரில் அச்சேற்றியவர் முன்ஷி அப்துல்லா. அவருடைய முன்னோருள் ஒருவர் நாகூரில் பெண்கொண்டு தங்கியவர் என்பதையும் சொல்லி வைக்கலாம். பழைய படிகளுள் ஒன்றை 1938இல் வின்ஸ்டெட் பதிப்பித்தார். படிக்குப் படி பெயர்களும் உறவுகளும் மாறும். ஆகவே, ஒரு படியில் கண்ட பெயரைக் கல்லில் வெட்டிய எழுத்தாகக் கொள்ளுதல் தகாது.

கங்கா நகரக் கதை நூலின் தொடக்கத்திலேயே வருகிறது. கெலிங் நாட்டில், நாகப்பட்டினத்தை ஆண்ட ஒரு பேரரசன். சில படிகளில் ராஜா சூலன், சில படிகளில் ராஜா சூரன். இஸ்கந்தர் சுல்கர்னாயின், அதாவது அலெக்சாந்தர், வழியில் வந்தவன். உலகமெல்லாம் அவனுக்குப் பணிந்தபின் சீன நாடு ஒன்றே எஞ்சி நிற்க, அதன் மேல் படையெடுத்துப் புறப்படுகிறான். வழியில் முதலில் எதிர்ப்படுவது கங்கா நகரம். அதன் அரசன் கங்கி ஷா ஜோஹான். ஊர் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. முன்புறம் பார்த்தால் மிக உயரம், பின்புறமோ தாழ்வு. போர் மூள்கிறது. சூலன் ஏறிவந்த யானை அம்பு பட்டு வீழ, அவன் கீழே குதித்து வாளை உருவிச் சென்று கங்கி ஷா ஜோஹானின் தலையைக் கொய்கிறான். இறந்தவனின் தங்கை புத்திரி கங்கா பேரழகி. அவளைச் சூலன் மணந்துகொள்கிறான். பிறகு ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கருங்கல் கோட்டையாகிய கிளாங்கியூவை வென்று தெமாசெக் வரை வருகிறான்.

அங்கே கதை வேறு பக்கம் திரும்புகிறது. சீன மன்னன் ஒரு கப்பலில் துருவேறிய ஊசிகளையும் காய்த்து நிற்கும் மரங்களையும் பல் போன கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறான். சீனம் எவ்வளவு தொலைவு என்று சூலனின் ஆட்கள் கேட்க, 'நாங்கள் புறப்பட்டபோது சிறுவர்கள். இந்த மரங்கள் அப்போது விதைகள். இந்த ஊசிகள் அப்போது இரும்புக் கம்பிகள்' என்ற கருத்துப்பட அக்கிழவர்கள் விடை சொல்கிறார்கள். உலகை வென்றவன் அதை நம்பித் திரும்பிவிடுகிறான். கோட்டை பிடித்த வீரத்தை மேடையில் முழங்குவோர், அதே ஏட்டில் அடுத்து வரும் இந்தக் கிழவர்களை ஏனோ மேடையேற்றுவதில்லை.

இனி இக்கதையின் வயதைப் பார்ப்போம். பதினோராம் நூற்றாண்டில் பேராக் கரையில் ஆண்ட ஓர் அரசன் 'ஷா' என்ற பட்டத்தைத் தாங்கியிருக்க முடியாது. பாரசீக வழியாக இசுலாத்தோடு இந்நாட்டு அரசவைகளுக்கு வந்த பட்டம் அது. சோழர் தலைநகரமோ நாகப்பட்டினம் அன்று. இராசேந்திரன் காலத்தில் அது கங்கைகொண்ட சோழபுரம். அதற்கு முன் தஞ்சை. ஆயினும் மலாய் ஆசிரியர் நாகப்பட்டினத்தைச் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இக்கரையிலிருந்து போன கப்பல்கள் ஒதுங்கிய துறை அது. ஸ்ரீவிசய அரசன் மாற விசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் அங்கே எடுப்பித்த புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்த செய்தி லெய்டன் நகரத்துச் செப்பேடுகளில் உள்ளது. கடலோடிகள் எந்த ஊரை அறிவார்களோ அந்த ஊரே அவர்கள் கதையில் தலைநகராகும். ஆக, செஜாரா மெலாயுவில் இருப்பது 1025ஆம் ஆண்டின் நாட்குறிப்பு அன்று. கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு பெரும்படையைப் பற்றிய நினைவு, அறுநூறு ஆண்டுக் காலம் வாய்வழி புரண்டு, புதுப் பட்டங்களும் புதுப் பெயர்களும் பூண்டு நிற்கிறது. 'சூலன்' என்ற சொல்லில் 'சோழன்' ஒலிக்கிறது என்று அறிஞர் பலர் கருதுவதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் சோழன் என்பது ஒரு குலப்பெயர். அது கொண்டு இன்ன சோழன், இன்ன ஆண்டு என்று முடிவு கட்ட இயலாது.

சோழர் தாமே சொல்லியிருப்பது என்ன? தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அலைகடல் நடுவே பல கலம் செலுத்திக் கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானைகளோடு பிடித்ததைக் கூறி, கொண்ட ஊர்களை வரிசையாக எண்ணுகிறது: ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூரு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். பதின்மூன்று பெயர்கள். கங்கா நகரம் அவற்றுள் இல்லை. நிக்கோபார்த் தீவுகளாகிய மாநக்கவாரத்தையும் விடாமல் எண்ணிய புலவர், குன்றின்மேல் நின்ற ஒரு கோட்டையை அரசன் வென்றிருந்தால் அதைப் பாட மறந்திருப்பாரா? அதுவும் 'கங்கை' என்ற பெயருடைய கோட்டையை, கங்கைகொண்டான் என்று பட்டம் புனைந்தவனுக்காகப் பாடுகையில்!

இதற்கு மூன்று மறுப்புகள் சொல்லப்படுவதுண்டு. கங்கா நகரம் கடாரத்துக்கு அடங்கிய சிற்றூராக இருந்திருக்கலாம், ஆகவே தனியே சொல்லவில்லை என்பது ஒன்று. இது நடக்கக்கூடியதே. ஆனால் நடக்கக்கூடியது வேறு, நடந்தது வேறு. அன்றியும், சொல்லத் தேவையில்லாத சிற்றூராக இருந்திருந்தால், பெருங்கோட்டை என்று முழங்குவதற்கும் இடமில்லாமல் போகிறது.

மெய்க்கீர்த்தி மலையூரை வலிய மலையே அரணாக உடைய பழைய ஊர் என்று சிறப்பிக்கிறதே, குன்றின்மேல் இருந்த கங்கா நகரம்தான் அந்த மலையூர் என்பது இரண்டாவது. இது சற்றுக் கூர்மையான வாதம். எனினும் மலையூர் என்ற பெயர் சோழர் கல்வெட்டில் மட்டும் வரும் பெயர் அன்று. கி.பி. 671இல் சீனத்திலிருந்து கப்பலேறிய பௌத்தத் துறவி இத்சிங், ஸ்ரீவிசயத்தில் தங்கிப் பின்பு மலாயு என்னும் ஊருக்குச் சென்றதை எழுதிவைத்துள்ளார். அதை அறிஞர்கள் சுமாத்திராவின் ஜாம்பி ஆற்றுப் பக்கத்தில் வைக்கிறார்கள். மெய்க்கீர்த்தியிலும் அது ஸ்ரீவிசயத்துக்கும் சுமாத்திராவின் கீழ்க்கரைப் பண்ணைக்கும் அடுத்தே வருகிறது. பேராக்குக்கு அதை இழுத்து வருவதற்கு, 'குன்று' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு கயிறு இல்லை.

மூன்றாவது மறுப்பு பெயரைப் பற்றியது. கங்கா நகரம் என்ற பெயரே கங்கைகொண்ட சோழனால் வந்தது என்பர். இதைச் சொல்வோர் கதையை முழுவதும் படித்தவர்களாகத் தெரியவில்லை. சூலன் வருவதற்கு முன்பே அவ்வூர் கங்கா நகரமாகத்தான் இருக்கிறது. அதன் அரசனும் கங்கி, அவன் தங்கையும் கங்கா. இராசேந்திரன் பெயரால் அமைந்த ஊரென்றால், அவன் தன் ஊரையே முற்றுகையிட்டான் என்று ஆகும். கங்கை என்ற சொல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. வடமொழிப் பெயர்கள் இக்கரையெங்கும் சோழருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வழங்கியவை.

சரி, கோட்டை என்று ஒன்று இருந்ததா? இருந்தது என்றே கொள்ளலாம். செஜாரா மெலாயுவின் இப்பகுதியில் மிகவும் மதிக்கத்தக்க செய்தி போர் அன்று. போருக்கு முன் போகிற போக்கில் சொல்லும் ஒரு குறிப்பு. அக்கோட்டை இன்றும் டிண்டிங்கின் உட்பகுதியில், பேராக்குக்குச் சற்று அப்பால் இருக்கிறது என்கிறார் ஆசிரியர். 'இன்றும்' என்றால் அவர் காலத்தில். யானைப் போரை அவர் கேட்டு எழுதினார். இடிந்த மதிலையோ, பார்த்தவர் சொல்லையேனும் வைத்து எழுதினார். முன்புறம் உயரம், பின்புறம் தாழ்வு என்பதும் கதைக்கு வேண்டிய அலங்காரம் அன்று. கடல்வழி வருகிறவன் கண்ணுக்கு ஓர் இடம் எப்படித் தெரியும் என்பதைச் சொல்லும் சொல்.

இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு புருவாஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் திகைப்பார்கள். அது ஆற்றோரத்துத் தாழ்நிலம். லூமுட் பக்கத்துக் கரையோரக் குன்றுகளைப் பார்த்தால், ஆசிரியர் சொன்னது இவ்வாறான ஓரிடமாக இருக்கலாமே என்று தோன்றும். புருவாஸே கங்கா நகரம் என்று அறிவிப்புப் பலகைகள் சொல்வது போல அவ்வளவு எளிதில் முடியும் செய்தி இது அன்று. ஜேம்ஸ் லோ 1840களிலும், அவருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பின்பு குவாரிட்ச் வேல்ஸும் இதைத் தேடினார்கள். இன்ன இடம் என்று இருவராலும் அறுதியிட முடியவில்லை. புருவாஸில் கிடைத்துள்ள அச்சேப் பாணிக் கல்லறைக் கற்கள் இசுலாமிய அரசு ஒன்று அங்கே பின்னாளில் இருந்ததைக் காட்டுகின்றன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்த்துக்கேயர் தோமே பிரெஸ், ஈயம் விளையும் ஊர்களுள் ஒன்றாகப் புருவாஸைக் குறிக்கிறார். செஜாரா மெலாயுவே பிற்பகுதியில், புருவாஸும் மஞ்சோங்கும் பகைத்துப் பொருததையும், புருவாஸ் அரசன் மலாக்காவின் துணையை நாடியதையும் சொல்கிறது.

எனவே இது நெடுங்காலம் ஓர் எல்லைப்புறம். வடக்கே கெடா, தெற்கே மலாக்கா. நடுவில் ஆற்றுவாயைக் காத்த சிற்றரசுகள். கோட்டை ஏன் அங்கே வேண்டியிருந்தது என்பதற்குக் கிந்தாவில் வாழ்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மலையடியில் தோண்டிய ஈயம் ஆற்றின் வழியாகத்தான் கடலுக்கு வரும். உப்பும் துணியும் அதே வழியாகத்தான் மேலே போகும். ஆற்றுவாயில் உட்கார்ந்தவனுக்கு இரண்டிலும் வரி. டச்சுக்காரர்கள் 1670இல் பங்கோர்த் தீவில் கோட்டை கட்டியதும் இந்த ஈயத்துக்காகவே. இவ்வட்டாரத்து மக்கள் அதை 1690இல் தாக்கியதும் பெரும்பாலும் அதனால்தான். பிரிட்டிஷார் 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையை வைத்து டிண்டிங்ஸைத் தனியே அறுத்தெடுத்து, 1935இல்தான் பேராக்குக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கங்கா நகரத்துக் கோட்டையைக் கட்டியவன் யாராயினும், அவன் கண்ணும் இந்த வழியின் மேல்தான் இருந்திருக்கும்.

மண்ணிலிருந்து வந்த சான்றுகளும் ஈயத்தோடு சேர்ந்தே வந்தன. ஈப்போவுக்கு அருகே பெங்காலான், தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட், பீடோர் என்று ஈய லம்பங்கள் உள்ள பக்கங்களில் பழைய வெண்கலப் படிமங்கள் அகப்பட்டன. பீடோரில் 1936இல் கிடைத்தது எட்டுக் கைகளுடைய அவலோகிதேசுவரர் உருவம். மண் தோண்டியவர்கள் தேடியது ஈயம், அகப்பட்டது போதிசத்துவர். இவற்றைக் காட்டி, 'பாருங்கள், சோழன் வந்த சுவடு' என்று எழுதுவோர் இருக்கிறார்கள். இவை பௌத்த உருவங்கள். சோழன் படையெடுப்புக்குப் பல தலைமுறை முன்னையவை என்று கலை வரலாற்றினர் மதிக்கும் வகையைச் சேர்ந்தவை. இவை காட்டுவது சோழன் வந்ததை அன்று. அவன் வருவதற்கு முன்பே கிந்தாப் பள்ளத்தாக்கில் கோயிலும் வழிபாடும் உடைய மக்கள் வாழ்ந்ததை. அது சிறிய செய்தியா?

ஒரு கதையை அப்படியே நிலப்படமாக விரித்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சூலன் அடுத்து வென்ற அந்தக் கருங்கல் கோட்டை, கோத்தா கெலாங்கி என்ற பெயரில் ஜொகூர்க் காட்டில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாக 2005இல் நாளேடுகள் பெரிதாக எழுதின. தமிழரும் மகிழ்ந்தார்கள். அடுத்த ஆண்டே, அப்படி ஒரு நகரம் அங்கே இல்லை என்று மரபுடைமைத் துறையினர் கூறிவிட்டார்கள். மகிழ்ச்சியோடு வெட்டி ஒட்டி வைத்த செய்தித் துணுக்குகள் பலருடைய ஏடுகளில் இன்னும் இருக்கக்கூடும். மறுப்பை வெட்டி ஒட்டியவர்கள் சிலராகவே இருப்பர்.

தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை, தன் பாட்டன் கங்காணியோடு கப்பலேறிப் பால் வெட்ட வந்தவன் என்று கேட்டே வளர்கிறது. அப்பிள்ளைக்கு, 'இல்லை, உன் முன்னோன் யானைமேல் வந்தான்' என்று சொல்லும்போது முகம் மலர்கிறது. இக்கதை இவ்வளவு விரும்பிச் சொல்லப்படுவதன் காரணம் இதுவே. அதை ஏளனம் செய்வதற்கில்லை. ஆனால் அப்பிள்ளை பெரியவனாகி, வேறு இனத்து மாணவர் நடுவே பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து, மெய்க்கீர்த்தியில் கங்கா நகரம் எந்த வரியில் என்று கேட்கப்படும் நாளும் வரும். அன்று அவன் இழப்பது ஒரு கதையை மட்டும் அன்று. கற்பித்தவர் சொன்ன மற்றவற்றின் மேலும் ஐயம் விழும்.

இவை ஒருபுறம் இருக்க, இந்தக் கதையில் தமிழர் உண்மையாகவே கவனிக்க வேண்டியதொன்று இதுவரை போதிய கவனம் பெறவில்லை. மலாய் ஆசிரியர் சூலனைப் பகைவனாக எழுதவில்லை. தஞ்சைக் கல்வெட்டுக்குக் கடல் கடந்த நாடுகள் கொள்ளைப் பொருள்களின் வரிசை. யானைகள், தோரணம், மணிக்கதவு. செஜாரா மெலாயுவில் வென்றவன் தோற்ற குடியில் பெண்கொள்கிறான். பின்பு, சில படிகளில் அவனே, சில படிகளில் அவன் வழித்தோன்றல், கண்ணாடிப் பேழையில் கடலடிக்கு இறங்கி, அங்குள்ள அரசகுமாரி மஹ்தாபுல் பஹ்ரியை மணக்கிறான். அவர்களுக்குப் பிறந்த மூவர் பாலெம்பாங் நாட்டுச் செகுந்தாங் குன்றில் தோன்றுகிறார்கள். அவ்வழியில்தான் சிங்கப்பூரும் பிறகு மலாக்காவும் அரசு பெறுகின்றன. பேராக் அரசகுலமும் 1528இல் மலாக்கா சுல்தான் மகமூதின் மகனால் தொடங்கப்பெற்றது. ஆக, படையோடு வந்த வேற்று நாட்டான் மூன்று தலைமுறைக்குள் முப்பாட்டன் ஆகிவிடுகிறான். அலெக்சாந்தரும் அப்படித்தான் இந்நூலில் உறவினன் ஆனான். வெற்றியைக் குருதி உறவாக மாற்றிக்கொள்வது இந்நூலின் தனிக்கலை. மரபுவழி என்று பெயர் வைத்ததற்கு ஏற்ப நடந்த செயல் அது.

ஆசிரியருக்கு இதில் சொந்த ஆர்வமும் இருந்திருக்கலாம். துன் ஸ்ரீ லானாங்கின் குடிவழியைப் பின்னோக்கிப் போனால், மலாக்காவின் பெண்டஹாரா துன் முத்தாகிர் வருகிறார். அவருடைய பாட்டன் மணிப் பூரிந்தான் கெலிங் நாட்டிலிருந்து கப்பலில் வந்து மலாக்காவில் பெண்கொண்டவர். இதை நூலே சொல்கிறது. தம் குலத்தில் ஒருவர் வந்த வழியிலேயே, அரசனின் குலத்துக்கும் ஒருவனை அவர் வரவழைத்தார் என்று கொள்வது மிகையாகாது.

தமிழர் இக்கரையில் இருந்ததற்குக் கல்லான சான்று வேண்டுமென்றால் வடக்கே தக்குவாபாவுக்குப் போக வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கொள்ளப்படும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. அது பேசுவது கோட்டை பிடித்ததைப் பற்றி அன்று. அவனிநாரணம் என்று பெயரிட்டு ஒரு குளம் தோண்டியதையும், அதைக் காக்கும் பொறுப்பை மணிக்கிராமத்தாரிடம் விட்டதையும் பற்றி. மேடைகளில் அக்குளத்தைப் பற்றிப் பேசக் கேட்டது அரிது.

சூலன் என்ற பெயரோ பேராக்கிலேயே தங்கிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் 'மிசா மெலாயு' என்னும் பேராக் அரச வரலாற்றை எழுதியவர் பெயர் ராஜா சூலான். பிற்காலத்தில் சுல்தான் அப்துல்லாவின் மகனுக்கும் அதே பெயர். 1869இல் பிறந்து 1933இல் மறைந்த அவர் பெயரால், கோலாலம்பூரில் வெல்டு சாலை என்றிருந்த தெரு ராஜா சூலான் சாலை ஆயிற்று. அங்கே நாள்தோறும் போக்குவரத்தில் சிக்கி நிற்கும் தமிழருள் எத்தனை பேர் அந்தப் பலகையை நிமிர்ந்து வாசிக்கிறார்களோ!